18-ஆம் நூற்றாண்டுப் பெண்கள் உடைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு, எங்கள் தேவாலய ஆண்டு விழாவில், 1785-இல் கிளாரிந்தா என்ற பெண்மணி கட்டிய ஆலயம் எழுந்த காலத்தை நாடகமாக நடிக்கவிருக்கிறோம். அதில் ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரின் மனைவியாக வரும் பெண்ணுக்கு அந்தக் காலத்துக் கவுன் தைக்க வேண்டும். எங்கள் தையற்காரர் ரவிக்கையும் சுடிதாரும் நன்றாகத் தைப்பவர். இப்படி ஒன்றைத் தைத்ததில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: கவுன் துணியை முதலில் எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று நாம் உடம்பை அளந்து, அந்த அளவுக்கு உடையை வெட்டுகிறோம். அன்றைய ஐரோப்பியப் பெண்ணுக்கோ உள்ளே அணிந்த கச்சும் இடுப்பு மெத்தையும் சேர்ந்து வேறோர் உருவத்தைக் கொடுத்தன. கவுன் அந்த உருவத்தின்மேல் பொருத்தப்பட்டது. ஆகவே உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில்தான் தைக்க வேண்டும்: உள்ளங்கி, அதன்மேல் ஸ்டேஸ் எனப்படும் விறைப்புக் கச்சு, இடுப்பில் கட்டும் பைகள், பின்பக்க மெத்தை, பாவாடைகள், கடைசியில் கவுன். கச்சும் மெத்தையும் அணிந்த பிறகே கவுனுக்கு அளவெடுக்க வேண்டும். சுடிதாருக்கு எடுத்து வைத்த பழைய அளவு இதற்கு உதவாது. நம் மேடைகளில் வெள்ளைக்காரி வேடம் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பளபளக்கும் சாட்டினுக்கு ஏராளமாகச் செலவழித்திருப்பார்கள். உள்ளே எதுவும் இருக்காது.

உள்ளங்கியை அங்கே லினனில் தைத்தார்கள். நமக்கு மெல்லிய பருத்தி போதும். இரண்டரை மீட்டர் எடுத்து, நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். அதில் வளைவான வெட்டு கழுத்தில் மட்டும்தான் உண்டு. உடலும் கைகளும் நீள்சதுரங்கள். கீழே விரிவு கொடுப்பவை முக்கோணத் துண்டுகள். அக்குளில் கையைத் தூக்க இடம் கொடுப்பது ஒரு சிறிய சதுரத் துண்டு. துணிக்கு விலை அதிகம், தையல் கூலி குறைவு என்றிருந்த காலம் அது. அதனால் வெட்டில் ஒரு முழம்கூட வீணாகாதபடி திட்டமிட்டார்கள். இந்தச் சிக்கனத்தைத் தையற்காரர் புரிந்துகொண்டால் மற்ற உடைகளின் வெட்டும் அவருக்குத் தானே விளங்கிவிடும்.

பைகள் கவுனோடு தைக்கப்பட்டவை அல்ல. நம் ஆச்சிகள் இடுப்பில் செருகிய சுருக்குப்பையைப் போல அவை தனியானவை. நாடாவில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பாவாடையின் பக்கத்துத் திறப்பு வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். நடிக்கும் பெண்ணுக்குக் கைக்குட்டை வைக்கவாவது உதவும். கட்டாயம் தைத்துக் கொடுங்கள்.

மெத்தையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கூண்டுபோல் வட்டமாக விரியும் வளையப் பாவாடை 1850-களுக்கு உரியது. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளையம் பக்கவாட்டில்தான் விரிந்தது. 1780-களில் அதுவும் அரசவைக்குள் ஒதுங்கிவிட்டது. உங்கள் நாடகம் நடக்கும் ஆண்டுக்கு, பின்னிடுப்பில் பிறை வடிவில் கட்டும் ஒரு மெத்தை போதும். இலவம் பஞ்சை அடைத்துத் தைத்தால் எடை தெரியாது.

பாவாடைக்கு முன்பாகம், பின்பாகம் என இரண்டு பாகங்கள். ஒவ்வொன்றும் கொசுவி நாடாவில் பிடிக்கப்பட்டிருக்கும். பின்பாகத்தின் நாடாவை முன்னால் கொண்டுவந்தும், முன்பாகத்தின் நாடாவைப் பின்னால் கொண்டுபோயும் கட்டினால், எந்த இடுப்புக்கும் பொருந்தும். பக்கத் திறப்பும் கிடைக்கும். உயரத்தைச் சரிசெய்யும் முறையைக் கவனியுங்கள். நம் தையற்காரர்கள் இடுப்பை முடித்துவிட்டு, கீழே ஏற்றி இறக்கி மடிப்பார்கள். அன்று கீழ் விளிம்பைத் துணியின் நேர்வாக்கில் முடித்துவிட்டு, மெத்தையின் மேட்டுக்கு ஏற்ப இடுப்புப் பக்கத்தில்தான் துணியை ஏற்றி இறக்கினார்கள். கோடோ கட்டமோ போட்ட துணியில் தைக்கும்போது இதன் அழகு கண்ணுக்குத் தெரியும். கீழ் விளிம்பில் கோடு வளையாமல் தரைக்கு இணையாகச் சுற்றி வரும்.

இனி கவுன். 1785-க்கு ஏற்றது ஆங்கிலேய முறைக் கவுன். அதாவது முதுகு உடம்போடு ஒட்டி, இடுப்பின் நடுவில் கூர்முனையாக இறங்கி, அங்கிருந்து பாவாடை மிக நெருக்கமான சிறு மடிப்புகளாக விரியும். கழுத்திலிருந்து தரைவரை பெட்டி மடிப்பு விழும் பிரெஞ்சு முறை அதற்குள் பழையதாகிவிட்டது. தையற்காரரிடம் மூன்று செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிடுங்கள். மார்பில் டார்ட் (வடிவம் கொடுக்கத் துணியைக் கூராக மடித்துத் தைப்பது) பிடிக்கவே கூடாது; ரவிக்கை தைத்துப் பழகிய கை தன்னையறியாமல் அங்கேதான் போகும், ஆனால் மார்பின் வடிவத்தைக் கச்சு ஏற்கெனவே கூம்பாக அமைத்துவிட்டதால் முன்பாகத் துணி வழவழப்பாக அதன்மேல் படிய வேண்டும். கைக்குழி சிறியதாகவும் உயரமாகவும், முதுகுப் பக்கம் தள்ளியும் இருக்க வேண்டும். தோளைப் பின்னுக்கு இழுத்து நிமிர்ந்து நிற்கவைப்பது அந்த வெட்டுதான். ஜிப் எங்கும் வரக்கூடாது. அது 20-ஆம் நூற்றாண்டின் பொருள். முன்பக்கத்தைக் குண்டூசியால் குத்தித்தான் மூடினார்கள். மேடையில் ஓடியாட வேண்டிய பெண்ணுக்கு ஊசி வேண்டாம் என்று நினைத்தால், வெளியே தெரியாமல் ஊக்கும் வளையமும் வைத்துக்கொள்ளலாம். அவையும் அக்காலத்தில் இருந்தவையே.

44 அங்குல அகலத் துணியில் கவுனுக்கு ஆறு முதல் ஏழு மீட்டரும், பாவாடைக்கு மூன்று மீட்டரும் பிடிக்கும். கழுத்து இறக்கமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். மல் துணியைப் பெரிய சதுரமாக வெட்டி, முக்கோணமாக மடித்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முனைகளை மார்புக்குள் செருகிக்கொள்வது அன்றைய பகல்நேர வழக்கம். தேவாலய மேடைக்கும் அது பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: நான் ஆடை வடிவமைப்பு படிக்கிறேன். விறைப்புக் கச்சுக்குத் திமிங்கில எலும்பு வைத்தார்கள் என்று படித்தேன். இங்கே அதற்குப் பதிலாக எதை வைக்கலாம்? இடுப்பை இறுக்கிக் கட்டினால் மயக்கம் வராதா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி டவுன்

பதில்: மயக்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பை ஒடுக்குவது 18-ஆம் நூற்றாண்டுக் கச்சின் முதல் நோக்கம் அன்று. அந்த வேட்கை பெரும்பாலும் அடுத்த நூற்றாண்டில் வந்தது. மார்பைத் தாங்குவதும், முதுகுக்கு அணை கொடுப்பதும், மேலுடம்பைக் கூம்பு வடிவில் நிறுத்துவதும்தான் இதன் வேலை. வயல்வேலை செய்தவர்களும் துணி வெளுத்தவர்களும் இதை அணிந்துகொண்டுதான் குனிந்து நிமிர்ந்தார்கள். முதுகுப்பக்கம் கயிறு கட்டும் இடத்தில் இரண்டு அங்குல இடைவெளி இருக்கும்படி வெட்டினால் போதும். அணிந்தவர் மூச்சை முழுதாக இழுத்து விட முடியவில்லை என்றால் அந்தக் கச்சு தவறாகத் தைக்கப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அவர்கள் வைத்தது எலும்பன்று. பலீன் வகைத் திமிங்கிலங்கள் கடல்நீரை வடிகட்டி இரை பிடிக்கப் பயன்படுத்தும், வாயின் மேலண்ணத்திலிருந்து தொங்கும் தகடு அது. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனது. உடல் சூட்டில் சற்று வளைந்து கொடுக்கும் என்பதே அதன் சிறப்பு. இன்றைக்கு அதற்கு மிக நெருங்கி வருவது, மின்சாரக் கடைகளில் கிடைக்கும் அகலமான கேபிள் டைதான். தலையை வெட்டிவிட்டு, இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்து உருட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

ஆனால் உங்கள் ஊரில் படிக்கும் பெண்ணிடம் வேறொன்றையும் சொல்ல விரும்புகிறேன். வசதி குறைந்தவர்களின் கச்சுகளில் நாணலையும் உலர்ந்த புல்லையும் கற்றையாகத் திணித்துத் தைத்தார்கள். பத்தமடை உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாய்க்காகக் கீறப்படாத கோரையைக் கேட்டு வாங்கி, நான்கைந்து தண்டுகளை ஒரு கற்றையாக்கி, கை அகலத் துண்டில் கால் அங்குலக் குழாய்கள் தைத்து அவற்றில் செருகிப் பாருங்கள்; வளைத்து, வியர்வையில் நனைத்து, மறுபடியும் வளைத்து, தாங்குகிறதா என்று சோதியுங்கள். முறிந்தால் கேபிள் டைக்குத் திரும்பிவிடலாம். தாங்கினால், உங்கள் பாடத்திட்ட வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுப் பொருள் கிடைக்காது.

தைக்கும் வரிசை இது: காடாத் துணியில் இரண்டு அடுக்கை ஒன்றாகப் பிடித்து, குழாய்களைப் பின்தையலில் தைத்து, தண்டுகளைச் செருகி, பாகங்களை இணைத்து, ஓரத்துக்கு நாடா கட்டி, கடைசியில் லைனிங் வைக்க வேண்டும். லைனிங்கைக் கடைசியில் வைப்பதால் அழுக்கானால் அதை மட்டும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். இடுப்புக்குக் கீழே துணியை விரல் விரலாகக் கீறி விடுவதை மறந்துவிடாதீர்கள். அந்தக் கீற்றுகள் விரிந்து இடுப்பெலும்பின்மேல் உட்காருவதால்தான் பாவாடை நாடாவின் அழுத்தம் உடம்பில் படுவதில்லை.

கயிறு கோக்கும் துளைகளுக்கு உலோக வளையம் அடிக்காதீர்கள். அது 19-ஆம் நூற்றாண்டு வழக்கம். துணியைக் கத்தரிக்கவும் கூடாது. கூரிய குத்தூசியை நுழைத்துச் சுழற்றினால் இழைகள் அறுபடாமல் விலகி வழிவிடும். அந்த விளிம்பைச் சுற்றி, காஜா எடுப்பவர்கள் பயன்படுத்தும் தடித்த நூலால், இழைக்கு இழை நெருக்கமாகச் சுற்றித் தைக்க வேண்டும். இழை அறுபடாததால் எவ்வளவு இழுத்தாலும் துளை கிழியாது. செருப்புக் கயிறு கட்டுவதுபோல் குறுக்கும் மறுக்குமாகக் கோக்காமல், ஒரே கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுருளாகக் கோப்பதே அக்கால முறை; அதற்காக இருபுறத் துளைகளையும் ஒன்றுக்கொன்று நேராக வைக்காமல் பாதி இடைவெளி தள்ளி வைக்க வேண்டும்.

கேள்வி: டச்சுக்காரர்கள் இருந்த காலத்துத் தூத்துக்குடியைப் பற்றிய கண்காட்சிக்கு ஒரு டச்சுப் பெண்மணியின் உடையைத் தைக்கிறோம். பட்டு எடுப்பதா, வெல்வெட் எடுப்பதா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: இரண்டும் வேண்டாம், பருத்தி எடுங்கள். 1658 முதல் உங்கள் ஊரில் இருந்த டச்சுக் கம்பெனி, முத்தோடு விரும்பி நாடிய சரக்கு இப்பகுதித் தறிகளின் துணி. சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட பூப்போட்ட சீட்டித் துணி ஐரோப்பாவையே ஆட்டிவைத்தது என்றால் மிகையில்லை. தங்கள் நெசவாளர்களின் பிழைப்பு கெடுகிறது என்று பிரான்ஸ் 1686-இல் அதைத் தடைசெய்து 1759-இல்தான் தடையை நீக்கியது. இங்கிலாந்து 1721-இல் சட்டம் போட்டு, 1774-இல் தளர்த்தியது. டச்சு நாட்டில் அப்படிப்பட்ட தடை இல்லாததால், அங்கே பெண்கள் சீட்டியில் குட்டைச் சட்டையும் நீண்ட அங்கியும் தைத்துத் தாராளமாக அணிந்தார்கள். உங்கள் கண்காட்சிப் பெண்மணிக்குப் பட்டைவிட இதுதான் வரலாற்றோடு ஒட்டும்.

அந்தச் சாயத் தொழிலை 1742-இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் விரிவாக எழுதி அனுப்பினார். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலின் கொழுப்பு எழுதும் கோடு பரவாமல் காக்கும். கறுப்புக் கோட்டுக்கு இரும்பு நீர். சிவப்பு வர வேண்டிய இடத்துக்குப் படிகாரம். பிறகு சாயவேரில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலத்துக்காக, மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். இறுதியில் மஞ்சளைக் கையால் பூசுவார்கள். நீலத்தின்மேல் மஞ்சள் பட்ட இடம் பச்சையாகும். இந்த மஞ்சள்தான் நிலைக்காதது. அருங்காட்சியகத் துணிகளின் படங்களில் இலைகள் நீலமாகத் தெரிவது அதனால்தான். அணிந்த நாளில் அவை பச்சையாக இருந்தன. ஆகவே புதிதாகத் தைக்கும் உடைக்குப் பச்சை இலை போட்ட துணியைத் தயங்காமல் எடுக்கலாம்.

கடைகளில் கலம்காரி அச்சுத் துணி தாராளமாகக் கிடைக்கிறது. வெள்ளை அல்லது சந்தன நிறத் தரையில், வளைந்தோடும் கொடியும் ஒன்றுக்கொன்று இடம் விட்ட பூக்களும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். யானை, மயில், பெண்முகம், கரை போட்ட துணிகளை விட்டுவிடுங்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு இருந்தால் அதையும் தவிர்க்க வேண்டும். செயற்கைச் சாயம் 1856-க்குப் பிறகே வந்தது.

கேள்வி: கச்சும் மெத்தையும் எனக்கு மலைப்பாக இருக்கின்றன. புதிதாகக் கற்பவர் தைக்கக்கூடிய எளிய கவுன் அக்காலத்தில் இல்லையா?
– ஓர் இல்லத்தரசி, தென்காசி

பதில்: இருக்கிறது. 1783-இல் விஜே லெப்ரன் என்ற பெண் ஓவியர், பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தை வெள்ளை மஸ்லின் கவுனில் தீட்டிப் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். அரசி உள்ளாடையோடு நிற்கிறார் என்று எழுந்த கண்டனத்தால் படத்தை எடுத்துவிட நேர்ந்தது; ஆனால் அந்தக் கவுன் பரவிவிட்டது. நீள்சதுரப் பாகங்களை இணைத்து, கழுத்திலும் இடுப்பிலும் நாடா ஓட்டிச் சுருக்கி, இடுப்பில் அகலமான பட்டுப் பட்டை கட்டினால் முடிந்தது. நம் வெயிலுக்கும் இதுவே இதமானது. உள்ளே மெல்லிய கச்சு ஒன்று மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் வரலாற்றை நாடகமாகப் போடுகிறோம். பெண் பாத்திரங்களுக்குப் புடைத்த கை வைத்த ரவிக்கையும் பட்டுச் சேலையும் ஏற்பாடு செய்திருக்கிறோம். சரிதானா?
– நாடகக் குழுவினர், சங்கரன்கோவில்

பதில்: புடைத்த கை வைத்த ரவிக்கையை நீக்கிவிடுங்கள். அது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் பெண்களின் சட்டையைப் பார்த்து வந்த பாணி; பூலித்தேவர் 1767-லேயே மறைந்துவிட்டார். அக்காலத்துக்கு முற்பட்ட நாயக்கர் காலக் கலைச்சான்றுகள் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கின்றன. திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் ஓவியங்களும் மரச் சிற்பங்களும் உள்ளன. கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் கற்சிற்பங்கள் உள்ளன. நாடகக் குழு முழுவதும் ஒருமுறை போய், ஆடை எங்கே முடிகிறது, கொசுவம் எப்படி விழுகிறது என்று படம் வரைந்து வர வேண்டும் என்பது என் வற்புறுத்தல்.

மேலுடம்பை யார் மூடலாம் என்பது அந்தக் காலத்தில் சாதியோடும் அதிகாரத்தோடும் பின்னியிருந்தது. பக்கத்துத் திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டம் நீண்ட காலம் நடந்து, 1859-இல்தான் நாடார் பெண்களுக்கு மேலாடை அணிய அரசு ஆணை கிடைத்தது. இதை மறந்துவிட்டு எல்லாப் பெண்களுக்கும் ஒரே பட்டுச் சேலையைக் கட்டிவிடுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அதற்காக நடிக்கும் மாணவியரைச் சங்கடப்படுத்தவும் கூடாது. அரண்மனைப் பெண்களுக்கு, முன்னால் முடிச்சிடும் குட்டைக் கை கச்சு. மற்றவர்களுக்கு, சரிகையில்லாத கெட்டிப் பருத்திச் சேலையின் முந்தானையையே மார்பைச் சுற்றி இறுகக் கட்டி இடுப்பில் செருகுவது. உள்ளே தோல் நிறத்தில் ஒரு மெல்லிய சட்டை இருந்தால் மேடையில் தெரியாது. சேலைக்கு வீரவநல்லூர்த் தறித் துணியையே எடுக்கலாம்.

கேள்வி: தையல் மெஷினில் தைத்தால் தவறா?
– தையற்கலைஞர், அம்பாசமுத்திரம்

பதில்: வெளியே தெரியாத நீண்ட இணைப்புகளுக்கு மெஷினைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கழுத்து, கை விளிம்பு, முன்பக்க ஓரம், பாவாடையின் சிறு மடிப்புகளை இடுப்பில் பிடிக்கும் இடம் ஆகியவை மட்டும் கைத்தையலாக இருக்கட்டும். அந்த மடிப்புகளை மெஷினின் பாதத்துக்கு அடியில் தள்ளினால் நசுங்கிப் படுத்துவிடும். கையால் ஒவ்வொரு மடிப்பின் நுனியையும் தனித்தனியாகப் பிடித்தால்தான் அவை எழுந்து நிற்கும்.

கேள்வி: கவுனின் கை ஓரத்துக்கு லேஸ் வைக்க வேண்டும். கடை லேஸ் நைலானாக இருக்கிறது. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, இராதாபுரம்

பதில்: உங்களுக்கு அருகிலேயே வழி உண்டு. உருளைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ் 18-ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. அந்தத் தொழில், நாகர்கோவிலில் பெண்களுக்கு அதைக் கற்பித்த மார்த்தா மால்ட்டிடமிருந்து அவர் மகள் எலைசா வழியாக இடையன்குடிக்கு வந்தது. எலைசா 1844-இல் கால்டுவெலை மணந்து இடையன்குடிக்கு வந்தவர். காலத்தால் பிந்தியது என்றாலும் பின்னும் முறை அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய லேஸ் வீட்டுப் பெட்டிகளில் இருந்தால் அதைத் தொட வேண்டாம். அது பாதுகாக்க வேண்டிய பொருள். இன்றும் பின்னத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பார்த்துப் பருத்தி நூலில் புதிதாக வாங்குங்கள்.

தேவையான நீளம், கைச் சுற்றளவைப்போல் இரண்டு பங்கு. கவுனின் கையோடு நேரடியாகத் தைக்காமல், லேஸைத் தனிப் பட்டியில் சுருக்கிப் பிடித்து, அந்தப் பட்டியை முழங்கைக்குக் கீழே கையின் உள்பக்கத்தில் பெரிய ஓட்டுத் தையலால் இணையுங்கள். அன்றும் அப்படித்தான் செய்தார்கள். கவுனை நனைக்காமல் லேஸை மட்டும் பிரித்தெடுத்து அலசிக் கஞ்சி போட்டு, மறுபடி பிடித்துக்கொள்ளலாம்.